நமது கொழும்பு நிருபர்

1983 யூலை 23, சனி

இந்த டயறியை எங்கள் பத்திரிகைக்கு விளம்பரம் தரும் புடைவைக் கடைக்காரர் தைமாதம் தந்தார். ஆறு மாதம் சும்மா கிடந்தது. சறோவுக்கு என் முறைப்பாடுகள் அலுத்துவிட்டன, எனக்கோ முறைப்படாமல் இருக்க முடியாது. அதனால் இன்று தொடங்குகிறேன்.

இன்றைய முறைப்பாடு ஆசிரியர் வல்லிபுரம் ஐயா பற்றியது. பருத்தித்துறையில் நான்கு பக்கத்தில் வாரம் மூன்று நாள் மாலையில் வரும் எங்கள் "கலங்கரை"க்கு உலகச் செய்தி எதற்கு என்று கேட்டால், "மணியக்கா, சனம் காசு குடுக்கிறது உள்ளூர்ச் செய்திக்கில்லை, கொழும்புச் செய்திக்கு" என்கிறார். என்னை விடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து மணியக்கா என்பார். கொழும்புச் செய்தி என்பது என் தம்பி குணம். கந்தோர் வேலைக்கு நடுவில் இரண்டு மணிக்கு ட்ரங்க் கோல் எடுத்து இரண்டு மூன்று செய்தி சொல்வான். அவன் எடுக்காத நாளில் நான் றேடியோ ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்து, தலையில் "நமது கொழும்பு நிருபர்" என்று போட்டுவிடுவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். வாசகருக்கு அந்த மூன்று சொல் இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

இன்று குணம் எடுத்தான். செய்தியைச் சொல்லிவிட்டு, "சறோ சாப்பிடுறாவோ அக்கா?" என்று கேட்டான். மனைவிக்கு ஏழாம் மாதம். அவளுக்குத் தாய் இல்லை என்பதால் பிள்ளைப்பேற்றுக்கு என்னிடம் அனுப்பியிருக்கிறான். "உன்னைவிட நல்லாய்ச் சாப்பிடுறா" என்றேன்.

யூலை 24, ஞாயிறு

நேற்றிரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இராணுவ வண்டிக்குக் குண்டு வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று இராணுவத்தினர் செத்துவிட்டார்கள். யாழ்ப்பாணப் பக்கம் இன்று முழுக்கத் துப்பாக்கிச் சூடு என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். பஸ் இல்லை. மரக்கறி வாங்கப் போய் வெறும் பையோடு வந்தேன்.

யூலை 25, திங்கள்

கொழும்பு எரிகிறது.

யூலை 26, செவ்வாய்

நேற்று அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. குணம் இருப்பது வெள்ளவத்தையில், ஜினதாச என்ற ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட் வீட்டின் பின்னறையில். அந்த வீட்டு ரெலிபோன் இலக்கத்துக்கு நேற்று ஒன்பது தரம் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை.

இன்று பத்திரிகை நாள். புதிதாக ஒரு தணிக்கை அதிகாரியை இந்த மாதம் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அச்சேறுமுன் பக்கங்களை அவரிடம் காட்டவேண்டும். நம்மவர்தான், நெற்றியில் திருநீறு, நல்ல தேநீர் தருவார். ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் நடந்ததை எழுதினேன், வெட்டினார். கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்ததை எழுதினேன், வெட்டினார். "இடம் வெறுமையாய் விடக்கூடாது மிஸ், அதுவும் சட்டம்" என்றார். அச்சுக்கோக்கும் அந்தோனிப்பிள்ளையிடம் முன்பு கோத்து வைத்த விவசாயக் குறிப்பு இருந்தது. நாடு பற்றியெரிந்த செய்தி வரவேண்டிய முதற்பக்கத்தில் "கத்தரியில் தண்டுத் துளைப்பான்" வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் கத்தரிக்காயால் மறைத்தோம்.

சனம் அதையும் வாங்கி நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இனிப் போர் என்றுதான் கடைத்தெருவில் கதை. ஆசிரியர் நாளையிலிருந்து தினமும் பத்திரிகை என்று அறிவித்துவிட்டார்.

சறோ வாசலிலேயே நின்றாள். "என்ன மச்சாள், அவர் எடுத்தவரோ?" லைன் இல்லை என்றேன். அவள் சோறு போட்டுத் தந்தாள், இருவரும் சாப்பிடவில்லை.

யூலை 27, புதன்

குணம் உயிரோடு இருக்கிறான்.

இரண்டு மணிக்கு மணி அடித்தபோது நான் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினேன், கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. ஜினதாச வீட்டிலிருந்துதான் எடுத்தான். அவர்கள் அவனைச் சமையலறைக்குப் பின்னால் விறகு வைக்கும் அறைக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டார்களாம். திங்கள் மத்தியானம் ஒரு கூட்டம் வந்து கேட்டதாம். ஜினதாசவின் மனைவி, தமிழன் போன கிழமையே ஊருக்குப் போய்விட்டான் என்று சத்தியம் பண்ணினாவாம்.

"எத்தினை நாளைக்கு அந்த வீட்டில இருக்கப்போறாய்?" என்றேன்.

"ஜினதாச அங்கிள் இருக்கச் சொல்லுறார் அக்கா. தன்ரை பிள்ளை மாதிரிப் பாக்கிறார்."

நான் பதில் சொல்லுமுன் லைன் போய்விட்டது. சறோவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு புட்டு அவித்தாள், மூன்று நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டோம்.

யூலை 28, வியாழன்

காலையில் மழைக்குணம், பெய்யவில்லை. பெருவிரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். அச்சு இயந்திரத்தின் பட்டி அறுந்து, அந்தோனிப்பிள்ளை ஒரு மணித்தியாலம் தூஷணம் சொன்னார். பிறகு நான் நிற்பதைக் கண்டு மன்னிப்புக் கேட்டார்.

தணிக்கைக்காரர் இன்று வெட்டவில்லை, தந்தார். கொழும்பிலிருந்து வந்த அறிக்கை, ஆங்கிலத்தில் அரைப்பக்கம். ஊரடங்கு நாளை பகலில் தளர்த்தப்படும், கந்தோர்கள் இயங்கும், நிலைமை கட்டுப்பாட்டில். மொழிபெயர்த்து முதற்பக்கத்தில் போட்டேன். "கொழும்பில் வழமை நிலை திரும்புகிறது." தலையில் வழக்கம்போல நமது கொழும்பு நிருபர்.

குணம் இரண்டரைக்கு எடுத்தான். சுகமாக இருக்கிறான். அதிகம் கதைக்கவில்லை.

பின்னேரம் சறோவுடன் கோயிலுக்குப் போனேன். வெயில் தணிந்து காற்று நன்றாக இருந்தது.

யூலை 29, வெள்ளி

இரண்டு மணி, மணி அடிக்கவில்லை. மூன்று மணி, அடிக்கவில்லை. ஆசிரியர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

றேடியோவில் கொழும்பில் மறுபடியும் ஊரடங்கு என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. ஒன்றும் நடக்காமல் ஊரடங்கு போடுவார்களா? காலையில் தெருவுக்கு வந்த சனத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. தன் முடிவைத் தானே எடுக்கத் தெரிந்தவன். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

யூலை 30, சனி

ஜினதாச வீட்டு லைன் இன்று கிடைத்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

யூலை 31, ஞாயிறு

அடிக்கிறது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, புதன்

கொழும்பு அகதி முகாம்களில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்குகிறார்கள். அங்கிருந்து ஒருவர் பெயர்ப் பட்டியல் எழுதி அனுப்ப, நாங்கள் அச்சிடுகிறோம். தணிக்கைக்காரருக்கும் மறுப்பில்லை. அவர் தங்கையும் கொழும்பில்தான்.

"கலங்கரை" வரலாற்றில் இப்படி விற்றதில்லை. அச்சு மை காயுமுன் சனம் கதவைத் தட்டுகிறது. பட்டியலில் பெயர் கண்ட ஒரு தாய் இன்று என் காலைப் பிடித்து அழுதாள். நான் என்ன செய்தேன், பெயரை வாசித்துப் பிழை திருத்தினேன், அவ்வளவுதான். தேடிய பெயர் கிடைக்காதவர்கள் பத்திரிகையை மடித்துக்கொண்டு போகிறார்கள், அவர்களைத்தான் பார்க்க முடியவில்லை.

புரூப் வந்ததும் நான் பிழை பார்ப்பதில்லை. முதலில் ஒரு பெயரைத் தேடி மேலிருந்து கீழே ஓடுகிறேன். பிறகுதான் வேலை. இன்று நூற்று எழுபத்தொரு பெயர், அவன் இல்லை.

ஆகஸ்ட் 4, வியாழன்

இருநூற்று ஆறு. இல்லை.

ஆகஸ்ட் 6, சனி

குணத்தோடு ஒரே கந்தோரில் வேலை செய்த குலசேகரம்பிள்ளை கப்பலில் வந்தவர், அல்வாயிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் உள்ளே வராமல் நின்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

இருபத்தொன்பதாம் திகதி வெள்ளி காலை பத்து மணிக்கு அவரும் அதே பஸ்சில்தான் போயிருக்கிறார். முன்பக்கம் நின்றதால் குணம் அவரைக் காணவில்லை. ஒரு சந்தியில் கூட்டம் மறித்தது. ஏறி வந்தவன் ஒவ்வொருவரையும் சிங்களத்தில் ஏதோ வாசிக்கச் சொன்னான். குலசேகரம்பிள்ளை சிங்கள ஊரில் வளர்ந்தவர், வாசித்துவிட்டார். குணத்தைக் கையில் பையோடு இறக்கினார்கள்.

"பிறகு?" என்றாள் சறோ.

"பஸ்சை எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள் பிள்ளை. நான் திரும்பிப் பாக்கேல்லை. பாக்க ஏலாமல் போச்சு." அவர் சட்டையைப் பிடித்து முகத்தைத் துடைத்தார். "ட்ரைவற்றை கண்ணாடியில நெருப்பு மட்டும் தெரிஞ்சது."

சறோ சத்தம் போடவில்லை. வயிற்றைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள். நான்தான் கத்தினேன். அயலட்டை ஓடிவந்தது என் சத்தத்துக்குத்தான். அவனுடைய எட்டு வயதிலிருந்து தாய்க்குத் தாயாக நின்று வளர்த்த பிள்ளை. வேறென்ன எழுத.

ஆகஸ்ட் 8, திங்கள்

சறோ இரண்டு நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறாள். பூட்டிய அறைக்குள் பத்திரமாக இருந்த மனிதன் ஏன் தெருவுக்கு வந்தான்? செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பின்னேரம் பதிலையும் தானே சொன்னாள்.

"அந்தச் சிங்களவன்தான் மச்சாள். பயந்துபோய் வெளியில போ எண்டு கலைச்சிருப்பான். வேறை ஏன் அவர் வெளிக்கிடப்போறார்?"

எல்லாரும் ஓம் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே அவனோடு கடைசியாகக் கதைத்தவள்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள். எனக்கு இரண்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். மரண அறிவித்தல்களை நாங்கள் கடைசியாகத்தான் கோப்போம், செத்தவீட்டுக்காரர் வரும் நேரத்தை யார் சொல்லமுடியும்? அதனால் அவை தணிக்கைக்குப் போவதில்லை. முதற்பக்கத்தில் சொல்ல முடியாததை நான்காம் பக்கத்தில் அறிவித்தலாகச் சொல்லலாம் என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

"எங்கடை நிருபர். எங்கடை ஆள். ஒரு அஞ்சலி எழுதுங்கோ மணியக்கா. வீட்டுக்காரன் கலைச்சதை எழுதுங்கோ. சனம் அறியவேணும்."

"வேறை ஆரையும் எழுதச் சொல்லுங்கோ ஐயா."

"உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

பக்கத்தில் சறோ நின்றாள். "எழுதுங்கோ மச்சாள்" என்றாள். நான் எழுதினேன். அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன், ஒரு வெட்டு இல்லை. அதில் ஒரு வரி: "ஐந்து வருடம் வாடகை வாங்கிய கை, ஐந்து நாள் அடைக்கலம் கொடுக்க மறுத்துத் தெருவில் தள்ளியது, இனி எந்தக் கதவை நம்புவது?" எழுதும்போது அது பொய் என்று தெரிந்தது. எழுதி முடித்து வாசித்தபோது நல்ல வசனம் என்றும் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 10, புதன்

இரண்டு முறை அச்சடித்தோம். தேநீர்க் கடையில் ஒருவன் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டார்களாம். சறோ வெட்டியெடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பிள்ளை வளர்ந்தபின் காட்டுவதற்காம்.

ஆகஸ்ட் 13, சனி

அந்தோனிப்பிள்ளையின் இரண்டாவது மகன் றொபேட் வீட்டை விட்டுப் போய்விட்டான். ஆயுத இயக்கத்துக்கு. போவதற்கு முதல்நாள் தாயிடம் சொன்னானாம், "மணியக்காவே எழுதிப்போட்டா, ஒரு சிங்களவனையும் நம்பேலாது எண்டு. இனி என்னத்துக்கு இஞ்சை படிச்சுக்கொண்டு இருக்கிறது?"

அதை எனக்குச் சொன்னபோது அந்தோனிப்பிள்ளை என்மேல் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "என்ரை கையாலதானே அக்கா அந்த எழுத்தைக் கோத்தனான்" என்று மை படிந்த விரல்களைக் காட்டினார். பிறகு போய் அடுத்த பக்கத்தைக் கோக்கத் தொடங்கினார்.

நான் அப்படி எழுதவில்லை, நான் எழுதியது ஒரு மனிதனைப் பற்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு மனிதனும் அப்படிச் செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. என் மேசைக்குத் திரும்பிப் போனேன்.

ஆகஸ்ட் 17, புதன்

ஜினதாசவிடமிருந்து கடிதம். அலுவலக விலாசத்துக்கு, ஆங்கிலத்தில், கையால் எழுதியது. இருபது வருடமாக மொழிபெயர்க்கிறேன். ஒரு சொல்லும் மாற்றாமல் செய்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அன்புள்ள மிஸ், நான் உங்கள் தம்பி இருந்த வீட்டின் சொந்தக்காரன். வியாழக்கிழமை பின்னேரம் உங்களோடு கதைத்தபின், காலையில் முகாமுக்குப் போகப்போவதாகச் சொன்னார். மகனே, ஞாயிறு வரை பொறு, எனக்குத் தெருவின் முகம் பிடிக்கவில்லை என்றேன். காலையில் என் மனைவி வாசற் படலையில் குறுக்கே நின்று போகவேண்டாம் என்று அழுதாள். அவர் சொன்னார், என் அக்கா பத்திரிகையில் இருக்கிறா, அவவுக்குத் தெரியாமல் சொல்லமாட்டா என்று. அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? நான் ரயில்வேக்காரன், எனக்கு என்ன செய்தி தெரியும்? பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனேன். பஸ் திரும்பும்வரை நின்றேன். அரை மைல் தள்ளி நடந்தது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. ஓடிப்போனேன், கிட்டப் போக விடவில்லை. அவரை வைத்திருந்ததற்காக அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்குக் கல்லெறிந்து ஓடுகளை உடைத்தார்கள். இப்போது குருநாகலில் மனைவியின் தங்கை வீட்டில் இருக்கிறோம். அவருடைய உடுப்புகளும், குழந்தையின் மேல் விரிக்க வாங்கி வைத்த நுளம்புவலைக் குடையும் என்னிடம் இருக்கின்றன. எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள். அவரைப் பூட்டிவைக்காமல் விட்டதற்கு என்னை மன்னியுங்கள்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

ஆகஸ்ட் 18, வியாழன்

கடந்த மாதம் இருபத்தெட்டாம் திகதிப் பக்கத்தில் "அதிகம் கதைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம் கதைத்தோம். இதுதான் கதைத்தது.

"அக்கா, நாளைக்கு ஊரடங்கு எடுக்கினம் எண்டு றேடியோ சொல்லுது. உண்மையோ?"

"ஓம். இஞ்சை எங்களுக்கும் அறிக்கை வந்திருக்கு. முதற்பக்கத்தில போட்டிருக்கிறன்."

"ஆற்றை பேரில?"

"உன்ரை பேரிலதான்."

சிரித்தான். "நான் விறகறைக்குள்ள கிடக்கிறன், என்னைக் கேக்காமல் கொழும்பு அமைதி எண்டு நான் எழுதிப்போட்டனோ?"

"பகிடி விடாதை. காலமை வெளிக்கிட்டு முகாமுக்குப் போ. அங்கை எங்கடை சனம் இருக்கு, கப்பலில ஏத்தப்போகினமாம்."

"அங்கிள் ஞாயிறுமட்டும் பொறுக்கச் சொல்லுறார்."

"எத்தினை நாளைக்கு ஒரு சிங்களவன் சோறு போட்டு வைச்சிருப்பான்? நாளைக்கு ஆரும் வெருட்டினால் அவனே காட்டிக் குடுத்திடுவான். வெளியில பூட்டிப்போட்டுத் துறப்பை அவன்தானே வைச்சிருக்கிறான்? நான் சொல்லுறதைக் கேள்."

"உங்களுக்கு நிச்சயமாய்த் தெரியுமோ அக்கா, பிரச்சினை இல்லையெண்டு?"

"தெரியும்" என்றேன். "தெரியாமலே சொல்லுறன்?"

எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அதே அதிகாரி அதே மேசையில் உண்மையை வெட்டியதை நேரே பார்த்தவள் நான். வியாழக்கிழமை அவர் தந்த தாளை மொழிபெயர்த்துத் தலைப்புப் போட்டு அச்சில் கண்டதும் நானே அதை நம்பிவிட்டேன். வாசகரைச் சொல்லி என்ன, அந்த மூன்று சொல்லைப் போட்ட கையே அதற்கு மயங்கியது. ஒருபோதும் காணாத ஒரு மனிதனைச் சிங்களவன் என்பதற்காக நம்பவில்லை. பொய் என்று தெரிந்த தாளை நம்பினேன்.

இன்று ஆசிரியரிடம் கடிதத்தைக் காட்டித் திருத்தம் போடச் சொன்னேன். முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம் மனுசன்" என்றார். "ஆனால் இப்ப ஒரு சிங்களவன் நல்லவன் எண்டு போட ஏலுமே மணியக்கா? பிரஸ்ஸைக் கொளுத்திப்போடுவாங்கள்."

"பொய்யைப் போட்டனாங்கள் ஐயா."

"ஆர் போடேல்லை? அங்கத்தைப் பேப்பருகள் என்ன போடுது எண்டு நீங்கள்தானே வாசிக்கிறனீங்கள்? பொறுங்கோ, எல்லாம் அடங்கட்டும்."

இது அடங்கும் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. இன்றைய முதற்பக்கத்துக்குத் தலைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20, சனி

சறோ என் பையில் கடிதத்தைக் கண்டுவிட்டாள். ஆங்கிலம் அவளுக்கு ஓடாது, பெயர் மட்டும் விளங்கியது.

"என்னவாம் அந்த மனுசன்?"

தமிழில் சொன்னேன். அவர் மறித்ததை, மனைவி அழுததை, கல்லெறியை, நுளம்புக் குடையை, எல்லாம் சொன்னேன். ஒரு வரியை மட்டும் தாண்டிவிட்டேன். எந்த இடத்தில் வெட்டினால் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நல்ல ஆசானிடம் பழகியிருக்கிறேன்.

அவள் யோசித்தாள். "மறிச்சவையெண்டால் பிறகேன் போனவர்?"

"றேடியோ சொன்னதைக் கேட்டுப் போயிருப்பான்."

"அவர் றேடியோவை நம்புற ஆளில்லையே மச்சாள். நீங்கள் சொன்னால்தானே நம்புவார்." சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. தன் புருசனை அறிந்த பெண் சாதாரணமாகச் சொன்னது.

அந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"நான்தான் போகச் சொன்னனான்" என்றேன். "ஜினதாச பொறு எண்டவர், நான் அவரை நம்பாதை எண்டனான். பிரச்சினை இல்லை, எனக்குத் தெரியும் எண்டு சொன்னனான்."

சறோ என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"பேப்பரில எழுதேக்கை இது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"நான் பக்கத்தில நிண்டு எழுதுங்கோ எண்டு சொல்ல, தெரிஞ்சுகொண்டு எழுதினனீங்கள்?"

"ஓம்."

அவள் எழுந்து போய் உடுப்பு அடுக்கினாள். எட்டாம் மாத வயிற்றோடு குனிந்து பெட்டியை இழுத்தாள், நான் பிடிக்கப் போனேன், "தொடாதையுங்கோ" என்றாள். அயல் பொடியனிடம் சொல்லியனுப்பினாள், ஒரு மணித்தியாலத்தில் கரவெட்டியிலிருந்து அவள் தமையன் கார் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் அவள் சொல்லவில்லை.

"சறோ, பிள்ளையை மட்டும் ஒருக்கால் காட்டு" என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். அவனில் மிச்சம் அது ஒன்றுதானே.

காரில் ஏறி இருந்துகொண்டு சொன்னாள், "பிறந்தால் பேப்பரில போடுவம். பாத்து அறிஞ்சுகொள்ளுங்கோ."

ஆகஸ்ட் 21, ஞாயிறு

ஜினதாசவுக்குக் கடிதம் எழுதினேன். பொருட்களைக் கரவெட்டி விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். பத்திரிகையில் அவரைப் பற்றி வந்ததைச் சொல்லத் துணிவு வரவில்லை.

செப்டெம்பர் 5, திங்கள்

றொபேட்டிடமிருந்து தகவல் இல்லை. அந்தோனிப்பிள்ளை இப்போது தூஷணமே சொல்வதில்லை.

செப்டெம்பர் 30, வெள்ளி

மத்தியானம் சறோவின் தமையன் அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் கண்டு தலையாட்டிவிட்டு, ஆசிரியரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தோனிப்பிள்ளை கோத்தார். மூன்றரைக்குப் புரூப் என் மேசைக்கு வந்தது.

காலஞ்சென்ற சற்குணநாதனுக்கும் சறோஜினிக்கும் புதன்கிழமை காலை பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தகவல்: தாய்மாமன், கரவெட்டி.

பிழை ஒன்றும் இல்லை. ஓரத்தில் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பினேன். பத்திரிகை நாலரைக்கு வெளியே போனது. ஊர் அறிவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக நான் அறிந்துகொண்டேன்.